தியேட்டருக்குப் போகும் நோயாளியின் வாயையும் பாருங்கள்

மத்திய, ஊவா, சப்ரகமுவ மாகாணங்களின் சுகாதார சேவைகள் பணிப்பாளர்களுக்கும், மலையகத்து ஆதார வைத்தியசாலைகள், மாவட்டப் பொது வைத்தியசாலைகளின் அத்தியட்சகர்களுக்கும், சத்திரசிகிச்சை விடுதிகளின் பொறுப்புத் தாதியருக்கும், தோட்டங்களில் பணிபுரியும் வைத்திய உதவியாளர்களுக்கும்:

வணக்கம்.

நான் ஒரு தோட்டத்தில் பிறந்து, மலையகத்து வைத்தியசாலைகளின் சத்திரசிகிச்சை விடுதிகளில் பல வருடங்கள் வேலை செய்து ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர். ஒரே ஒரு கோரிக்கையோடு இதை எழுதுகிறேன். சத்திரசிகிச்சைக்கு வரும் நோயாளி பல் துலக்குவதை அந்தச் சிகிச்சையின் ஒரு பகுதியாக எடுத்து, எழுத்தில் போடுங்கள். கிளினிக்கில் திகதி கொடுக்கும் நாளில் தொடங்கி அவர் வீட்டுக்குப் போகும் நாள் வரை அது நடக்கட்டும். அதைத் தமிழிலும் சொல்லுங்கள்.

சத்திரசிகிச்சைக்குப் பிறகு வரும் நியூமோனியாவைப் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வெட்டிய இடம் நன்றாக ஆறிக்கொண்டிருக்கும், தையல் சுத்தமாக இருக்கும். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ காய்ச்சல் அடிக்கும், மூச்சு வேகமாகும், ஒட்சிசன் அளவு இறங்கும். நாளைக்கு வீட்டுக்குப் போக வேண்டியவர் இன்னும் ஒரு கிழமைக்கு மேல் கட்டிலோடு கிடப்பார். சிலரைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் தள்ளிக்கொண்டு போவோம். அங்கிருந்து திரும்பி வராதவர்களும் உண்டு.

வெளியில் நிற்கும் குடும்பத்தாரிடம் கேட்டால் எல்லோரும் ஒரே காரணத்தைத்தான் சொல்வார்கள்: "குளிர் அடிச்சிருச்சு மிஸ்." நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. மார்கழி, தை மாதங்களில் விடியற்காலையில் அங்கே குழாயைத் திறந்தால் விரல் மரத்துப் போகும். ஆகவே குளிரைக் குற்றம் சொல்வது இயல்புதான். ஆனால் அந்த நம்பிக்கையால் விடுதியில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். குளிர் படக் கூடாது என்று நோயாளியை முகம் கழுவ விடமாட்டார்கள். வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கொடுக்கமாட்டார்கள். தலையைச் சுற்றி துவாயைக் கட்டி, கம்பளியைப் போர்த்தி, மல்லாக்கப் படுக்க வைத்துவிடுவார்கள். நெஞ்சைக் காப்பாற்றுகிறோம் என்று அவர்கள் மனதார நினைக்கிறார்கள். நெஞ்சுக்குள் இறங்கப் போகும் கிருமியோ அந்த வாயிலேயே நிம்மதியாகப் பெருகிக்கொண்டிருக்கும்.

பல்லின் மேலும் ஈறின் ஓரத்திலும் ஒட்டிக்கொள்ளும் அந்த வழுவழுப்பான ஊத்தை பெரும்பாலும் கிருமிகளால் ஆனது. பீலிக்கரைக் கல்லில் பாசி பிடிப்பது போல அது பிடிக்கிறது. தண்ணீர் மேலே ஓடினால் மட்டும் போகாது, தேய்த்தால்தான் போகும். துலக்கிய சில மணி நேரத்திலேயே மறுபடியும் படியத் தொடங்கும். சுகமாக இருப்பவர்களிலும் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு, ஆழ்ந்த தூக்கத்தில் வாயில் ஊறும் எச்சிலில் ஒரு துளி மூச்சுக்குழாய்க்குள் இறங்குகிறது. இருமலும் நெஞ்சின் பாதுகாப்பும் அதைச் சமாளித்துவிடுகின்றன. சத்திரசிகிச்சைக்குப் போனவருக்கு அந்தப் பாதுகாப்புகள் எல்லாம் ஒரே நேரத்தில் தளர்ந்து போகின்றன. மயக்க மருந்தால் விழுங்கும் சக்தியும் இருமும் சக்தியும் குறைகின்றன. தொண்டைக்குள் போட்ட குழாயைச் சுற்றி எச்சில் கசிகிறது. குழாயை எடுத்த பிறகும் சில மணி நேரம் தொண்டை சரியாக வேலை செய்யாது. மேல் வயிற்றில் வெட்டு இருந்தால் வலிக்குப் பயந்து யாரும் ஆழமாக மூச்சு இழுக்கமாட்டார்கள், இருமவும் மாட்டார்கள். மோர்பின் போன்ற வலி மருந்து வேறு தூக்கத்தைக் கொடுக்கும். பட்டினியாலும் ஒட்சிசன் மாஸ்க்காலும் எச்சில் வற்றி வாய் காய்ந்து போகும். எச்சில் வற்றினால் வாயைக் கழுவிக்கொண்டிருந்த இயற்கையான காவலும் இல்லை. கடுமையான நோயோடு வைத்தியசாலையில் கிடப்பவரின் வாயில், வீட்டில் இருந்தபோது இல்லாத முரட்டுக் கிருமிகள் சில நாட்களிலேயே குடியேறிவிடுகின்றன. பிறகு அந்த ஒரு துளி எச்சில் இறங்கினால் போதும்.

இனி, நாம் செய்வதைப் பார்ப்போம்.

தியேட்டருக்கு, அதாவது சத்திரசிகிச்சைக் கூடத்துக்கு, போவதற்கு முதல் நாள் பின்னேரம் நோயாளியிடம் ஒரு வசனம் சொல்லப்படுகிறது: இரவு பன்னிரண்டு மணிக்குப் பிறகு ஒன்றும் சாப்பிடக் கூடாது, குடிக்கக் கூடாது. பெரும்பாலும் அது சிங்களத்தில் சொல்லப்படும், அல்லது சைகையோடு கலந்த நாலு தமிழ்ச் சொல்லில். அது கட்டிலுக்குக் கட்டில் போகும்போது, "வாயில பச்சத் தண்ணிகூடப் படக் கூடாதாம்" என்று மாறிவிடும். காலையில் பல் துலக்க எழுந்த கிழவியை அடுத்த கட்டில்காரி கையைப் பிடித்து நிறுத்துவாள். இதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். சரி, அந்த ஒரு காலையோடு முடிந்தாலும் பரவாயில்லை. லிஸ்டில் கடைசிப் பெயர் என்றால் தியேட்டருக்குப் போகவே பின்னேரமாகும். அவசர கேஸ் வந்தால் அன்றைக்கு ரத்தாகி அடுத்த நாளுக்குப் போகும். மறுபடியும் அதே பட்டினி, அதே துலக்காத வாய். சத்திரசிகிச்சை முடிந்த நாள் மயக்கம், அடுத்த நாள் வலி. இப்படி மூன்று நாள் பிரஷ் படாத வாயோடு ஒருவர் மல்லாந்து கிடக்கிறார்.

சாப்பிடக் கூடாது என்பதற்கும் பல் துலக்குவதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. துலக்கி, கொப்பளித்து, துப்பிவிட்டால் வயிற்றுக்குள் ஒன்றும் போகாது. மயக்க மருந்து வைத்தியர்கள் யாரும் இதைத் தடுப்பதில்லை. உலகின் பல வைத்தியசாலைகளில் சத்திரசிகிச்சை அன்று காலை பல் துலக்கிவிட்டு வாருங்கள் என்று நோயாளிக்குக் கொடுக்கும் கடதாசியிலேயே எழுதியிருக்கிறது. நம் கடதாசியில் அந்த வரி இல்லை. அதனால்தான் இந்த மடல்.

இது தாதி ஒருத்தியின் சொந்த அபிப்பிராயம் என்று நினைத்துவிடாதீர்கள். ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் இரண்டு வருடங்கள் நடத்திய ஆய்வொன்று 1999இல் வெளிவந்தது. ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் பல் துலக்கிவிடப்பட்டவர்களில் 11 வீதமானவர்களுக்கு நியூமோனியா வந்தது; வழக்கம்போல் விடப்பட்டவர்களில் 19 வீதமானவர்களுக்கு வந்தது. அதே நாடு 2012இல், பெரிய சத்திரசிகிச்சைக்கு முன்னும் பின்னும் செய்யும் வாய்ப் பராமரிப்பைத் தன் தேசிய சுகாதாரக் காப்புறுதிக்குள் கொண்டுவந்தது. அதன் பிறகு புற்றுநோய்க்காகச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளை ஆராய்ந்து 2018இல் வெளியிட்டார்கள். முன்கூட்டியே பல் வைத்தியரிடம் போய் வாயைச் சரிசெய்துகொண்டவர்களில் 3.28 வீதத்தினருக்கு நியூமோனியா வந்திருந்தது, போகாதவர்களில் 3.76 வீதத்தினருக்கு. முப்பது நாளுக்குள் இறந்தவர்கள் 0.30 வீதம், போகாதவர்களில் 0.42 வீதம். பார்க்கச் சின்ன வித்தியாசம்தான். பல் வைத்தியரிடம் போகிறவர்கள் மற்ற விதங்களிலும் தங்களைக் கவனித்துக்கொள்பவர்களாக இருக்கலாம் என்று யாராவது கேட்டால், அந்தக் கேள்வியும் நியாயமானது. ஆய்வாளர்கள் வயதையும் மற்ற நோய்களையும் கணக்கில் எடுத்துத்தான் இந்த எண்களைத் தந்தார்கள் என்றாலும் சந்தேகத்துக்குக் கொஞ்சம் இடம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது பல்லையும் ஈறையும் சின்ன வயதிலிருந்தே பார்த்துப் பராமரிக்கும் நாடு. அங்கேயே ஆயிரம் பேரில் கூடுதலாக ஐந்து பேர் நியூமோனியாவிலிருந்து தப்புகிறார்கள். நம் ஆட்களின் வாய் எந்த நிலையில் தியேட்டருக்குப் போகிறது என்று உங்களுக்குத் தெரியும்.

அமெரிக்காவில் பொஸ்டன் நகரத்து வைத்தியசாலையொன்று இன்னும் எளிமையாகச் செய்தது. சத்திரசிகிச்சை விடுதியில் எல்லோருக்கும் ஆழ்ந்த மூச்சுப் பயிற்சி, இருமல் பயிற்சி, நாளுக்கு இரண்டு முறை பல் துலக்கல், கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்துதல், ஒரு நாளில் குறைந்தது மூன்று முறை எழுந்து நடத்தல், இவை எதற்கு என்று நோயாளிக்கும் குடும்பத்துக்கும் விளக்கிச் சொல்லுதல். அவ்வளவுதான். நியூமோனியா 2.6 வீதத்திலிருந்து 1.6 வீதமாகக் குறைந்ததாக 2013இல் அறிவித்தார்கள். இதில் பல் துலக்கியதன் பங்கு எவ்வளவு என்று தனியாகப் பிரித்துச் சொல்ல முடியாது. பிரிக்க வேண்டிய தேவையும் எனக்குத் தெரியவில்லை. ஆறில் எதற்கும் பெரிய இயந்திரம் வேண்டாம். தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடப்பவர்களுக்கு ஆதாரம் இதைவிடப் பலமானது. 15 ஆய்வுகளின் தரவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, பல் துலக்கிவிடப்பட்டவர்களுக்கு நியூமோனியா மூன்றில் ஒரு பங்கு குறைவாக வந்தது. முக்கியமாக, செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களுக்கு.

இந்த இடத்தில் மருந்துக் கொப்பளிப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வாய்ச் சுத்தம் என்று பேச்செடுத்தால் உடனே குளோர்ஹெக்சிடின் போத்தலைத்தான் தேடுகிறோம். 1996இல் இதய சத்திரசிகிச்சை நோயாளிகளிடம் அது நல்ல பலன் காட்டியது உண்மை. பிறகு வந்த பரிசீலனைகளில் மற்ற நோயாளிகளுக்கு அந்தப் பலன் தெளிவாகத் தெரியவில்லை. செயற்கைச் சுவாசத்தில் இருப்பவர்களுக்கு அது தீங்காகவும் முடியலாம் என்ற கவலை 2014இலிருந்து பேசப்படுகிறது. 2022இல் புதுப்பிக்கப்பட்ட அமெரிக்க வழிகாட்டலோ, செயற்கைச் சுவாச நோயாளிகளுக்கு குளோர்ஹெக்சிடின் இல்லாமல் பிரஷ்ஷால் துலக்கிவிடுவதையே அடிப்படைப் பராமரிப்பில் சேர்த்திருக்கிறது. ஆகவே போத்தல் ஸ்டோரில் இல்லை என்று யாரும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. மென்மையான சின்னத் தலை உள்ள ஒரு பிரஷ், சாதாரணப் பற்பசை, ஒரு கோப்பைத் தண்ணீர் போதும். பஞ்சைக் கோலில் சுற்றி வாயைத் துடைத்துவிடுவது வாயை ஈரமாக்கும்; ஊத்தையை எடுக்காது.

மலையகத்து நோயாளியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியவை இருக்கின்றன.

வழுக்கும் படியில், மழை நாளில், கொல்லைக்குப் போகும் வழியில் விழுந்து இடுப்பு உடைந்து வரும் வயதான பெண்களை நினைத்துப் பாருங்கள். நாற்பது வருடம் கொழுந்து எடுத்தவர். அதே நாற்பது வருடம் லயக் காம்பராவின் புகை போக வழியில்லாத அடுப்படியில் விறகு ஊதியவர். புகைக்காத நுரையீரல் என்று நோயாளியின் குறிப்புத் தாளான பெட் ஹெட் டிக்கட்டில் எழுதிவிடுகிறோம். அந்த நுரையீரல் வாழ்க்கை முழுதும் புகைதான் குடித்தது. எலும்பு உடைந்த நாளிலிருந்து சத்திரசிகிச்சை வரை அசையாமல் கிடப்பார். வாஷ்பேசின் வரை நடக்க முடியாது. அவருக்கு யாராவது பல் துலக்கிவிடுகிறார்களா என்பதுதான் என் கேள்வி. ஊசி போட்டதற்குக் கையெழுத்து இருக்கிறது, காய்ச்சல் பார்த்ததற்கு இருக்கிறது, மூத்திரம் அளந்ததற்கு இருக்கிறது. வாய்க்கு ஒரு கட்டம் இல்லை. கட்டம் இல்லாத வேலை, ஆள் குறைந்த விடுதியில் நடக்காது. தாதியரைக் குற்றம் சொல்லவில்லை; இரவு டியூட்டியில் இரண்டு பேர் ஒரு விடுதி முழுவதையும் பார்ப்பது எப்படி என்று எனக்குத் தெரியும்.

அப்புறம் வெற்றிலை. நம் மக்களில் எத்தனை பேருக்கு அது காலைத் தேத்தண்ணிக்கு முன்னால் வருகிறது! மலையில் குளிருக்கும் பசிக்கும் களைப்புக்கும் அதுதான் துணை. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை அடக்கிய கன்னம், கறுத்த பல், வீங்கிய ஈறு. பாக்கே புற்றுநோய் தரும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004இலேயே வகைப்படுத்திவிட்டது. இலங்கை ஆண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான். இதெல்லாம் பழைய செய்தி. சத்திரசிகிச்சைக்கு வரும்போது வெற்றிலையால் இன்னும் இரண்டு சிக்கல் உண்டு. நீண்டகாலம் பாக்கு மென்றவர்களுக்குக் கன்னத்தின் உட்பக்கம் இறுகி வாய் முழுதாகத் திறக்காது. மயக்க மருந்து வைத்தியருக்குக் குழாய் போடுவது கஷ்டம், நோயாளிக்குப் பின்பல் வரை பிரஷ் கொண்டுபோவதும் கஷ்டம். இதைத் தியேட்டர் மேசையில் கண்டுபிடிக்கக் கூடாது, கிளினிக்கிலேயே பார்த்திருக்க வேண்டும். இரண்டாவது, ஆடும் பல். குழாய் போடும்போது கழன்று மூச்சுக்குழாய்க்குள் விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. வெற்றிலையை விடு என்று ஒரு வசனத்தில் திட்டி அனுப்புவதால் பலனில்லை. தலையணைக்கு அடியில் பொட்டலம் இருக்கும். "இந்தச் சத்திரசிகிச்சை முடியும்வரை நிறுத்துங்கள், உங்கள் நெஞ்சுக்கு நல்லது, மயக்கம் கொடுக்கிற டாக்டருக்கும் லேசு" என்று காரணத்தோடு சொன்னால் பலர் கேட்கிறார்கள். பெரியவர்களிடம் மரியாதையோடு பேசினால் இன்னும் கேட்கிறார்கள்.

இனி நான் கேட்பவை.

திட்டமிட்ட சத்திரசிகிச்சைக்கு நம் நோயாளிகள் கிழமைக் கணக்கில், சில வேளை மாதக் கணக்கில் காத்திருக்கிறார்கள். அந்தக் காலம் இப்போது வீணாகிறது. பெரும்பாலான ஆதார வைத்தியசாலைகளில் பல் வைத்தியர் இருக்கிறார். சத்திரசிகிச்சைக் கிளினிக்குக்கும் அவருடைய அறைக்கும் இடையில் பெரும்பாலும் ஒரு நடைபாதைதான். திகதி கொடுக்கும் அன்றைக்கே ஒரு துண்டு எழுதி அவரிடம் அனுப்புங்கள். ஆடும் பல், சீழ் வைத்த ஈறு, படிந்த காரை எல்லாம் அப்போதே தெரிந்துவிடும். அதே நாளில் என்பதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தோட்டத்துத் தொழிலாளிக்கு இன்னொரு நாள் வா என்றால் இன்னொரு நாள் பேர் விழாது, அந்த நாள் சம்பளம் போய்விடும், இன்னொரு முறை பஸ் காசு, இன்னொரு முறை விடியுமுன் எழுந்து வந்து நம்பர் எடுக்க வேண்டும். வரமாட்டார்கள். அதை அலட்சியம் என்று நாம் எழுதிவைப்போம். கழற்ற வேண்டிய பல் இருந்தால் ஈறு ஆற நாள் வேண்டும், ஆகவே கடைசிக் கிழமைக்குத் தள்ளாமல் முதலிலேயே பார்ப்பது நல்லது. நாட்டின் பழைமையான பல் வைத்திய பீடமும் பல் போதனா வைத்தியசாலையும் நம் பேராதனையிலேயே இருக்கின்றன. சிக்கலான கேஸ்களை எங்கே அனுப்புவது என்று தேடி அலைய வேண்டிய நிலை மத்திய மாகாணத்துக்கு இல்லை.

கிளினிக் கொப்பியில் ஒட்டுவதற்கு ஒரு சின்னக் கடதாசி அச்சிடுங்கள். சிங்களத்திலும் தமிழிலும். தமிழ் 1987இலிருந்து இந்த நாட்டின் அரசகரும மொழியும்தான். மொழிபெயர்ப்பதற்கு ஆள் தேட வேண்டாம், தமிழ் வசனத்தை இங்கேயே எழுதித் தருகிறேன்:

"இன்றிலிருந்து காலையும் இரவும் பிரஷ்ஷால் இரண்டு நிமிடம் பல் துலக்குங்கள். நாக்கையும் துலக்குங்கள். பல் இல்லாவிட்டாலும் ஈறைத் துடையுங்கள். வெற்றிலை, புகையிலை, சிகரட், பீடி வேண்டாம். வைத்தியசாலைக்கு வரும்போது பிரஷ்ஷும் பற்பசையும் ஒரு கோப்பையும் கொண்டு வாருங்கள். சத்திரசிகிச்சை அன்று காலையிலும் பல் துலக்கலாம், துலக்க வேண்டும். வாய் கொப்பளித்துத் துப்புங்கள்; தண்ணீரை விழுங்காதீர்கள். ஆடும் பல், கட்டுப்பல் இருந்தால் எங்களிடம் சொல்லுங்கள்."

வாசிக்கத் தெரியாதவர்களுக்கு யாராவது வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தமிழ் பேசும் சிற்றூழியர் ஒருவர் இல்லாத விடுதி மலையகத்தில் குறைவு. அவரிடம் பொறுப்பைக் கொடுங்கள், பெருமையோடு செய்வார்.

விடுதிக்குள் இரண்டு விடயம் உடனே செய்யலாம். கண்காணிப்புத் தாளில் வாய்க்கு ஒரு கட்டம் போடுங்கள், காலை ஒன்று, இரவு ஒன்று. அடுத்தது, சுடுதண்ணீர். இதை யாரும் சுற்றறிக்கையில் எழுதமாட்டார்கள், ஆனால் நம் ஊரில் இதில்தான் விடயம் இருக்கிறது. ஐஸ் போன்ற தண்ணீரில் பல் கூசும் என்றுதான் பாதிப்பேர் துலக்குவதில்லை. காலையில் ஒரு பெரிய பிளாஸ்க் வெதுவெதுப்பான தண்ணீர் விடுதியைச் சுற்றி வந்தால், குளிர் அடிக்கும் என்ற பயமும் போய்விடும், துலக்கவும் செய்வார்கள். எழுந்திருக்க முடியாதவருக்குக் கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி, தலையை ஒரு பக்கம் திருப்பி, கிட்னி டிரேயைத் தாடைக்குக் கீழ் பிடித்துத் துலக்கிவிடலாம். இதைக் கூட இருக்கும் மகளுக்கோ மருமகளுக்கோ ஒரு தரம் செய்து காட்டுங்கள். நம் குடும்பங்கள் பார்வையாளர் நேரத்தில் ஹோர்லிக்ஸ், தோடம்பழம், பிஸ்கட் என்று கொண்டு வருகிறார்கள்; என்ன செய்தால் நல்லது என்று தெரிந்தால் செய்யாமல் இருக்கமாட்டார்கள். அரை மயக்கத்தில் இருப்பவருக்கும், விழுங்கும்போது புரையேறுபவருக்கும் மட்டும் குடும்பத்தார் செய்ய வேண்டாம். அங்கே உறிஞ்சும் குழாயோடு தாதிதான் செய்ய வேண்டும்.

கட்டுப்பல்லைத் தியேட்டருக்கு முன் கழற்றச் சொல்கிறோம், சரி. அது பிறகு எங்கே போகிறது? கடதாசியில் சுற்றி லாச்சியில். சில வேளை குப்பையில். பெயர் எழுதிய மூடியுள்ள கோப்பையில் தண்ணீரில் போட்டு, நன்றாகத் தேய்த்துக் கழுவித் திருப்பிக் கொடுங்கள். இரவில் கழற்றிவைக்கச் சொல்லுங்கள். 85 வயதைக் கடந்தவர்களைப் பின்தொடர்ந்த ஜப்பானிய ஆய்வொன்று 2015இல் வெளிவந்தது. கட்டுப்பல்லோடு தூங்குபவர்களுக்கு நியூமோனியா வரும் ஆபத்து இரு மடங்குக்கும் மேல் இருந்ததாக அது சொல்கிறது.

தோட்ட வைத்திய உதவியாளர்களே, நோயாளி முதலில் வருவது உங்கள் டிஸ்பென்சரிக்குத்தான். தையல் பிரிக்க வருவதும் உங்களிடம்தான். சத்திரசிகிச்சைக்குத் திகதி கிடைத்தவர் யார் யார் என்று உங்களுக்குத் தெரியும். அவர்களை ஒரு தரம் கூப்பிட்டு, வாயைத் திறக்கச் சொல்லி, டோர்ச் அடித்துப் பாருங்கள். இன்னும் கரியாலும் சாம்பலாலும் விரலாலும் பல் தேய்ப்பவர்கள் லயங்களில் இருக்கிறார்கள். கரி பல்லைத் தேய்க்கும், ஈறின் ஓரத்து ஊத்தையை விட்டுவிடும். ஒரு பிரஷ்ஷை ஒரு குடும்பமே பாவிக்கும் வீடுகளும் உண்டு. பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நம்பிக்கை நிதியத்துக்கும் தோட்டக் கம்பெனிகளுக்கும் என் வேண்டுகோள் இதுதான்: திகதி கிடைத்த தொழிலாளிக்கு ஒரு பிரஷ்ஷும் ஒரு பற்பசையும் டிஸ்பென்சரியிலிருந்து கொடுங்கள். ஓய்வுபெற்ற தொழிலாளிக்கும் கொடுங்கள், அவருக்குத்தான் தேவை அதிகம்.

செலவைப் பற்றி யாராவது கேட்டால், 2022 மார்ச் மாதத்தை நினைவுபடுத்துங்கள். மருந்துத் தட்டுப்பாட்டால் பேராதனை போதனா வைத்தியசாலை திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை நிறுத்திவைத்த மாதம் அது. அந்த நாட்களில் ஒரு குப்பி அன்டிபயோடிக்குக்கு எத்தனை பேரிடம் தொலைபேசியில் கெஞ்சினோம் என்பதை விடுதிகளில் இருந்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஒரு நியூமோனியா நோயாளிக்கு ஒரு கிழமை ஏற்றும் ஊசி மருந்தின் விலையில், ஒரு விடுதி முழுவதற்கும் பிரஷ் வாங்கலாம்.

பல் துலக்கினால் நியூமோனியாவே வராது என்று நான் சொல்லவில்லை. நடக்க வைக்க வேண்டும், இருமப் பழக்க வேண்டும், வெட்டின் மேல் தலையணையை அணைத்துப் பிடித்து இருமக் காட்டிக்கொடுக்க வேண்டும், வலிக்குச் சரியான மருந்து கொடுக்க வேண்டும். இவற்றில் பல ஏற்கெனவே நடக்கின்றன, பிசியோதெரபி பிரிவினருக்கு நன்றி. விட்டுப்போனது வாய் மட்டும்தான்.

எல்லா இடத்திலும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். டிக்கோயாவில் ஒன்று, பதுளையில் ஒன்று, நாவலப்பிட்டியில் ஒன்று என்று சில விடுதிகளில் தொடங்குங்கள். கடந்த ஆறு மாதத்தில் சத்திரசிகிச்சைக்குப் பின் நியூமோனியா வந்தவர்கள் எத்தனை பேர் என்று டிக்கட்டுகளிலிருந்து எண்ணி வையுங்கள். அடுத்த ஆறு மாதத்தை அதே முறையில் எண்ணுங்கள். எண்ணிக்கை குறையாவிட்டால் அதையும் வெளிப்படையாகச் சொல்லுங்கள், காரணத்தைத் தேடலாம். தமிழ்க் கடதாசியைச் சரிபார்ப்பதற்கும், சிற்றூழியருக்கும் குடும்பத்தாருக்கும் துலக்கிவிடும் முறையைச் செய்து காட்டுவதற்கும் ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன். என்னைப் போல ஓய்வுபெற்ற தமிழ்த் தாதியர் இன்னும் சிலர் ஹட்டனிலும் பண்டாரவளையிலும் இருக்கிறார்கள், அவர்களும் வரத் தயார். உங்கள் பதிலை எதிர்பார்க்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர் ஒருவர்,
ஹட்டன்.